ஓடிலோனின் கல்லறைக்கு ஒரு பொத்தான்

ஹாஸவெல்ட,
4 ஜூன் 2018

அன்புள்ள வீர்லே,

உன் மாமா ஓடிலோனின் கல்லறையை நானே நகராட்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஊரில் பேச்சு. வயதாகிவிட்டது, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டேன், இப்போது ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறேன் என்பது அந்தப் பேச்சின் மிச்சம். எனக்கு எழுபத்தொன்பது வயது என்பது மட்டும் மெய். மற்றதெல்லாம் பொய். உன் காதுக்கு வருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நீ நலமா? ஏப்ரலில் பிடித்த இருமல் விட்டதா? எனக்கு இடது முழங்கால் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

நடந்தது இது. போன புதன்கிழமை உன் மாமாவின் கல்லறைக்குப் போனேன். கல்லின்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குடும்பத்தாரின் விருப்பப்படி இந்த இடம் திரும்ப ஒப்படைக்கப்படுகிறது, நவம்பர் 15க்குப் பிறகு கல் அகற்றப்படும் என்று அதில் இருந்தது. 2041 வரை எங்களுக்கு உரிமையுள்ள இடம் அது. அவர் பக்கத்தில் காலியாக இருப்பது என் இடம்.

நேராக நகராட்சிக்குப் போனேன். கல்லறைப் பிரிவில் இருக்கும் மார்நிக்ஸ் தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், இங்க பாருங்க. உங்க அடையாள அட்டைதான். உங்க ரகசிய எண்தான். ஜனவரி பதினாலு, மத்தியானம் மூணு ஐம்பத்திரண்டுக்கு இணையத்துல விண்ணப்பம் வந்திருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் அனுப்பலைன்னு எழுதிக்கோங்க."

"எழுதிக்கலாம் மேடம். ஆனா அட்டை பொய் சொல்லாதே."

அட்டை பொய் சொல்லாதாம். அப்படியானால் பொய் சொல்வது நான். உர்சுலீன் சபைக் கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவளிடம் அந்த மனிதர் இதைச் சொல்கிறார்.

என் சந்தேகம் யார்மேல் என்று உனக்குத் தெரியும். என் நாத்தனார் ஸுல்மாவிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அண்ணனைத் தன் தாய் தகப்பன் பக்கத்தில் அடக்கவில்லை என்று ஏழு வருடமாக முணுமுணுப்பவள் அவள். ஊரெல்லாம் பேச்சைப் பரப்புவதும் அவள்தான்.

நகராட்சியின் இணையப் பக்கத்தை வடிவமைத்தது உன் நிறுவனம். ஆகவே உன்னிடம் மூன்று கேள்விகள். என் அட்டையை வைத்து வேறொருவர் இதைச் செய்ய முடியுமா? செய்ததைத் திரும்ப எடுக்க வழி உண்டா? அந்த ஜனவரி 14 ஞாயிற்றுக்கிழமை, நீ என் வீட்டில்தான் இருந்தாய். உன் வேலைக்காக ஒரு பயிற்சிப் பக்கத்தை என்னிடம் காட்டிச் சோதித்துப் பார்த்தாய். ஸுல்மா ஐந்து மணிக்குக் காப்பிக்கு வந்தாள். அதற்கு முன் யாராவது வந்தார்களா? நீ என் சாட்சி.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அத்தையும் ஞானத்தாயுமான,
ஹோடெலீவ்


கெண்ட்,
19 ஜூன் 2018

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கண்டு மனம் கலங்கிவிட்டது. முழங்காலுக்கு மருத்துவர் தந்த களிம்பைத் தேய்க்கிறீர்களா? என் இருமல் போய்விட்டது. வேலை கழுத்தை நெரிக்கிறது. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

கேட்டதற்குச் சொல்கிறேன். அட்டை மட்டும் போதாது, ரகசிய எண்ணும் வேண்டும். அதை நீங்கள் பூசைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் பலமுறை வேண்டாம் என்று சொன்னதுதான். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா? யார்மேலும் நான் பழி சொல்லவில்லை.

அனுப்பிய விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கும் வசதி அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் சட்டப்படி ஒரு சுலபமான வழி இருக்கிறது. விண்ணப்பித்தவர் அந்த நேரத்தில் தெளிவான மனநிலையில் இல்லை என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்தால் விண்ணப்பம் செல்லாது. வெறும் காகிதம்தான் அத்தை. யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. ஒரே வாரத்தில் முடிந்துவிடும். உங்கள் மருத்துவரிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள்.

அன்புடன்,
வீர்லே


ஹாஸவெல்ட,
24 ஜூன் 2018

அன்புள்ள வீர்லே,

உன் கடிதம் கிடைத்தது. களிம்பு தேய்க்கிறேன். நீ இரவு உணவை வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறேன்.

மருத்துவரிடம் நீ பேச வேண்டாம். என் புத்தி கெட்டுவிட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, அதைக் கொடுத்து என் கணவரின் கல்லறையை மீட்க மாட்டேன். அந்தக் காகிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறாய். நான் படிப்பேன். ஸுல்மாவின் மகன் படிப்பான். அடுத்த மாதமே என் சார்பில் கையெழுத்துப் போட ஒருவரை நியமிக்கச் சொல்லி நீதிபதியிடம் போவான்.

ஸுல்மாவிடம் நேரில் கேட்டேன். கதவைத் திறந்தவளிடம் உட்காராமலேயே கேட்டேன்.

"என் அட்டைய எடுத்தியா?"

"அண்ணி, என்னைப் பார்த்தா திருடி மாதிரித் தெரியுதா? எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்கத் தெரியாது. அண்ணன் கல்லறைய அமுக்கிட்டேங்கறீங்க!"

"பின்ன ஏன் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியற?"

"கல்லு மேல காகிதம் ஒட்டியிருக்கு, ஊரே நின்னு படிக்குது. நான் மட்டும் வாயில துணிய அடைச்சுக்கணுமா? நான் சொன்னது ஒண்ணுதான். அண்ணி பெரிய படிப்பாளி, கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் பண்ணியிருப்பாங்கன்னு சொன்னேன்."

சாவியைத் திருப்பித் தரச் சொன்னேன். மேசைமேல் எறிந்தாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ரிமோட்டைப் பற்றி அவள் சொன்னது உண்மை. அவள் வீட்டுத் தொலைக்காட்சி ஒரு வருடமாக அவளுக்குப் புரியாத ஜெர்மன் மொழியில்தான் எழுத்து காட்டுகிறது.

அதன்பிறகு உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். நான் மூன்று கேள்வி கேட்டிருந்தேன். முதலிரண்டுக்குப் பதில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் பள்ளியில் சகோதரி அல்டெகொந்த் பதில் எழுதாத கேள்வியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவார். நானும் போட்டுவிட்டேன்.

உன்னை ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பாய். இன்னொரு உதவி செய். உங்கள் தொழிலில் முதலாண்டு மாணவருக்குச் சொல்லித்தரும் விதிகள் இருக்குமே, ஒரு திரையை மனிதர் சுலபமாகப் பயன்படுத்த எப்படி அமைக்க வேண்டும் என்று? அவற்றை எனக்கு எழுதி அனுப்பு. நகராட்சியின் பக்கம் அந்த விதிகளின்படி இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஞானத்தாய்,
ஹோடெலீவ்


கெண்ட்,
2 ஆகஸ்ட் 2018

அன்புள்ள அத்தைக்கு,

வெயில் தாங்க முடிகிறதா? பகலில் ஜன்னல் பலகைகளைச் சாத்தி வையுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். நான் மூன்று வாரம் கடற்கரையில் இருந்தேன். உங்கள் கடிதம் இங்கே பெட்டியில் காத்திருந்தது.

விதிகள் கேட்டிருந்தீர்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பயன்படுத்துபவருக்குத் தெரிந்த சொற்களில் பேச வேண்டும், அலுவலகத்தின் சொற்களில் அல்ல. ஒரே வேலையைச் செய்யும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். முந்தைய பக்கத்தில் படித்ததை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது, தேவையானது கண்ணெதிரே இருக்க வேண்டும். ஒரு திரையில் தேவைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. எழுத்து பெரிதாக, பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், வடிவமைத்தவர் தன் கண்ணை நம்பக் கூடாது. வேறொருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். அவர் தடுமாறினால் குற்றம் திரையுடையது, அவருடையது அல்ல.

இவ்வளவுதான். நகராட்சியின் பக்கம் இவற்றின்படி நன்றாகவே இருக்கிறது, பரிசுக்குக்கூடப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

மருத்துவர் விஷயத்தை இன்னொருமுறை யோசித்துப் பாருங்கள். நவம்பர் தூரத்தில் இல்லை.

அன்புடன்,
வீர்லே


ஹாஸவெல்ட,
10 ஆகஸ்ட் 2018

அன்புள்ள வீர்லே,

ஜன்னல் பலகைகள் சாத்தியிருக்கின்றன. தண்ணீர் குடிக்கிறேன். கடற்காற்று உனக்கு நல்லது செய்திருக்கும்.

அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் நான் ஒரே இடத்தில் கேட்டு நிறுத்திக்கொள்பவள் அல்ல. நூலகத்தில் இதே விஷயம் பற்றிய தொடக்கப் புத்தகம் ஒன்று எடுத்தேன். மாணவர்களுக்கானது, படங்களுடன் இருந்தது. உன் விதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதில் இருப்பவற்றில் உன் கடிதத்தில் இல்லாதவை மூன்று.

செய்ததிலிருந்து பின்வாங்க எப்போதும் ஒரு வழி விட வேண்டும் என்பது ஒன்று. ஒருவர் ஒன்றைச் செய்தால் என்ன நடந்தது என்று திரை உடனே அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவதை அப்படியே எடுத்தெழுதுகிறேன்: "பழகிப் பார்க்கும் பக்கமும் உண்மையான பக்கமும் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது."

இது எனக்குப் புதிதல்ல. ஓடிலோன் முப்பத்தோரு வருடம் ஆற்று மதகில் வேலை பார்த்தார். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்று தண்ணீரை உள்ளே விடும், மற்றது வெளியே விடும். இரண்டும் ஒரே வார்ப்பு. வேலைக்குப் போன முதல் வாரமே ஒன்றின்மேல் கயிறு சுற்றிவிட்டார். மேலதிகாரி திட்டினாராம். "பனியில கண்ணு தெரியாது, கைக்குத் தெரியணும்" என்று பதில் சொன்னாராம். அவர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை.

நீ எல்லாப் புத்தகமும் படித்தவள். இந்த மூன்றையும் எப்படி மறந்தாய்?

அந்த ஞாயிற்றுக்கிழமையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நீ மடிக்கணினியைத் திறந்தாய். "அத்தை, இது சும்மா பயிற்சிப் பக்கம். உங்கள யாரும் சோதிக்கல, திரையத்தான் சோதிக்கிறோம். எத வேணா அமுக்குங்க, எதுவும் உடையாது" என்றாய். மூன்று வேலைகள் எழுதிய அட்டைகளைத் தந்தாய். குப்பைப் பை வாங்குவது, மரம் வெட்ட அனுமதி கேட்பது, ஒரு கல்லறையைத் திருப்பித் தருவது. என் அடையாள அட்டையைச் செருகச் சொன்னாய். மூன்றாவது வேலையில் திரையில் ஓடிலோனின் பெயர் வந்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"இதுல ஏன் மாமா பேர் வருது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க அத்தை, ஏன் வருது?"

"எனக்கெப்படித் தெரியும்? அமுக்கினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்னு நீங்க எதிர்பார்க்கிறீங்க?"

கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அன்றே நினைத்தேன். நீ பள்ளியில் கற்ற ஏதோ முறை என்று விட்டுவிட்டேன். நீ குனிந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். நான் அமுக்கினேன்.

ஒரே ஒரு கேள்வி. அது பயிற்சிப் பக்கம்தானா?

ஹோடெலீவ்


கெண்ட்,
13 ஆகஸ்ட் 2018

அத்தைக்கு,

பயிற்சிப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். ஏழு மாதமாகிவிட்டது, அன்று என்ன திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. இப்போது கூட்டத்துக்குப் போக வேண்டும். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

வீர்லே


ஹாஸவெல்ட,
5 செப்டம்பர் 2018

அன்புள்ள வீர்லே,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் சென்ற கடிதத்தில் முதல்முறையாக என் உடல்நிலையை விசாரிக்காமல் விட்டிருந்தாய். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன், நன்றாக இருக்கிறேன்.

விரிவான கடிதத்துக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். நேற்று மார்நிக்ஸிடம் மறுபடி போனேன். பயிற்சிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஊழியர்கள் பழகுவதற்காக. காட்டச் சொன்னேன். உண்மையான பக்கத்தைப் பக்கத்தில் திறக்கச் சொன்னேன். இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

"எது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேர் வச்சுத்தான் மேடம். பயிற்சியில எல்லாமே கற்பனைப் பேரு. உண்மையான ஆள் பேரு வந்துச்சுன்னா அது நிஜப் பக்கம்."

"அத அமுக்கறவருக்கு யார் சொல்றது?"

மார்நிக்ஸ் மீசையைத் தடவினார். "நல்லாத்தான் கேக்கறீங்க" என்றார்.

என் விண்ணப்பத்தை முழுவதுமாகத் திறக்கச் சொன்னேன். ஜூனில் அவர் காட்டியது பட்டியலில் ஒரு வரிதான். உள்ளே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எதையாவது எழுதினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மார்நிக்ஸ் அதை வாய்விட்டுப் படித்தார்.

"'என் மருமகள் கேட்டுக்கொண்டதால்.' மேடம், இது யாரு எழுதினது?"

எழுதியது நான், மருமகள் என்றது உன்னை. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன், "தோணறத எழுதுங்க" என்றாய். எனக்குத் தோன்றிய உண்மையை எழுதினேன்.

ஆக, ஊர் பேசியது சரி. அமுக்கியது என் விரல். ஜூன் மாதம் உனக்கு நான் எழுதியது தவறு. அட்டை பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை.

மார்நிக்ஸிடமிருந்து நேராக ஸுல்மா வீட்டுக்குப் போனேன். இந்த முறை உட்கார்ந்தேன்.

"நீ எடுக்கல. நான்தான் அமுக்கியிருக்கேன். உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு."

"அண்ணி, எனக்கு எழுபத்தாறு வயசு. நீங்க என்கிட்ட தப்புன்னு சொல்லி இப்பத்தான் முதல்தடவ கேக்கறேன். இன்னொரு தடவ சொல்லுங்க, என் பையனக் கூப்பிடறேன்" என்றாள். சொல்ல மறுத்துவிட்டேன். காப்பி கொடுத்தாள். யார் கேட்டு அமுக்கினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

நகராட்சியின் ஆட்சிக் குழு அக்டோபர் 19 அன்று கூடுகிறது. அங்கே இதை ரத்து செய்ய இரண்டே வழிகள் என்கிறார் மார்நிக்ஸ். ஒன்று நீ சொன்ன மருத்துவரின் காகிதம். மற்றது, அன்று நடந்தது சோதனைதான், உண்மையான விண்ணப்பம் அல்ல என்று சோதனை நடத்தியவர் கையெழுத்திட்டுத் தரும் கடிதம்.

இரண்டாவது வழி இருப்பது உனக்கு ஜூனிலேயே தெரியும். நீ முதல் வழியை மட்டும் எழுதினாய். ஏன்?

உன் ஞானத்தாய்,
ஹோடெலீவ்


கெண்ட்,
29 செப்டம்பர் 2018

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அன்று பயிற்சிப் பக்கம் திறக்கவில்லை. ஏதோ கோளாறு. திங்கட்கிழமை காலை சோதனை அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். நீங்கள் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நிஜப் பக்கத்தைத் திறந்தேன். கடைசிப் பொத்தானுக்கு முன்னால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். மற்ற இரண்டு வேலைகளிலும் அப்படித்தான் நிறுத்தினேன்.

மூன்றாவதில் நீங்கள் கேட்டீர்கள். சோதனை செய்பவர் வழிகாட்டக் கூடாது, கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது. நூறு பேரிடம் கேட்டுக் கேட்டு அது வாயில் ஊறிவிட்டது. நீங்கள் அத்தை என்பதும், அது மாமாவின் பெயர் என்பதும் அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை. "மூன்றாம் திரையில் தயங்கினார், 11 விநாடி" என்று எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பக்கம் மறுபடி முகப்புக்குப் போயிருந்தது. அனுப்பியாயிற்று என்று திரை ஒன்றும் சொல்லவில்லை. அதனால் போகவில்லை என்று நம்பிவிட்டேன்.

பிப்ரவரியில் நகராட்சிக்கு வந்த விண்ணப்பங்களின் பட்டியலில் அதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் திரும்ப எடுத்துவிடலாம் என்று தேடினேன். திரும்ப எடுக்கும் பக்கமும், அனுப்பியாயிற்று என்று சொல்லும் பக்கமும் முதல் வரைவில் இருந்தன அத்தை. நாள் நெருங்கியதும் அவற்றை நீக்கியது நான்தான். நீங்கள் கேட்டபோது அந்த விதிகளை எழுத என் கை வரவில்லை.

இன்னும் ஒன்று. அறிக்கையில் உங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "79 வயதுப் பயனர், எந்த உதவியும் இன்றி, நான்கு நிமிடத்தில் வெற்றிகரமாக முடித்தார்." அந்த வரியைப் பார்த்துத்தான் பதினோரு ஊர்கள் இதே பக்கத்தைக் கேட்டிருக்கின்றன. அக்டோபர் 26 அன்று கையெழுத்தாகிறது. நான் இப்போது எழுதிக் கொடுத்தால் அறிக்கை பொய்யாகிவிடும். என் வேலை போய்விடும். வேலை மட்டுமல்ல, இந்தத் துறையில் யாரும் என்னை நம்ப மாட்டார்கள்.

26க்குப் பிறகு எழுதித் தரட்டுமா? ஆட்சிக் குழுவை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் மருத்துவரின் காகிதம்... உங்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதாதா?

மன்னியுங்கள்.

வீர்லே


ஹாஸவெல்ட,
8 அக்டோபர் 2018

அன்புள்ள வீர்லே,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசைமேல் வைத்திருந்தேன். உடம்பு நலம். நீ தூங்குகிறாயா என்று தெரியவில்லை, தூங்கு.

உண்மையை எழுதியதற்கு நன்றி. ஜூனில் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மூன்று மாதம் நான் ஸுல்மாவைத் திருடியாக நினைத்தேன், சில இரவுகளில் என்னையே நம்பாமல் விழித்திருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். நடந்தது தெரிந்திருந்தும் நீ, யாரும் படிக்காத காகிதம் என்று எழுதினாய். என்னால் சுலபமாக மறக்க முடியாதது அந்த வரிதான். அமுக்கியது போகட்டும், அது கைப்பிழை.

ஆட்சிக் குழுவைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது. இந்த மாத நகராட்சித் தேர்தலுக்குப் பிறகு ஒருமுறைதான் கூடுகிறார்கள், பிறகு ஜனவரியில் புதியவர்கள் வருவார்கள். கல்லை நவம்பர் 15க்குப் பிறகு எடுத்துவிடுவார்கள்.

உனக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். போதாது. நகராட்சியின் கோப்பில் இருப்பதுதான் நிற்கும். நாளை நான் உயில் எழுதினாலும், வீட்டை விற்றாலும், அந்த மருத்துவரின் காகிதத்தை யாராவது எடுத்து நீட்டுவார்கள். கல்லறையில் என் இடத்தில் புத்தி தெளிந்தவளாகவே படுக்க விரும்புகிறேன்.

அந்தப் பதினோரு ஊர்களைப் பற்றியும் யோசித்தேன். அந்தப் பதினோரு ஊர்களிலும் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. கேள்வி கேட்டுக் கடிதம் எழுத ஒரு மருமகள்கூட இல்லாத விதவைகள் அங்கே இருப்பார்கள். அந்தப் பக்கம் அப்படியே போனால், என்னைப் பற்றிய அந்த வரியை நம்பித்தான் போகும். நான் எந்த உதவியும் இன்றி முடித்தேன் என்பது உண்மை. உதவி கேட்டேன், கிடைக்கவில்லை என்பதையும் நீ சேர்த்திருக்க வேண்டும்.

நேற்று என் வாக்குமூலத்தை மார்நிக்ஸிடம் கொடுத்துவிட்டேன். அரைப் பக்கம்தான். தெளிந்த புத்தியுடன் என் விரலால் அமுக்கினேன், பயிற்சி என்று சொல்லப்பட்டதை நம்பி அமுக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. யார் சொன்னது என்று மார்நிக்ஸ் கேட்டார். அப்படிச் சொன்னவரே அதை எழுத்தில் தருவார் அல்லது தரமாட்டார் என்றேன். 'காரணம்' கட்டத்தில் மருமகள் என்று இருக்கிறது, எனக்கு இருப்பது ஒரே மருமகள் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் எதுவும் உன்னிடமிருந்து வராதவரை அது கல்லறையைக் காப்பாற்றாது.

உன் வேலை உன்னுடையது. அதைக் கொடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உன் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக உனக்கு நான் வாக்குக் கொடுத்தபோது நீ பதினாறு நாள் குழந்தை. உனக்காகச் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். மற்றதை நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியது இது மட்டும். நீ கடிதம் தரப்போவதில்லை என்றால், ஓடிலோனை வேறிடத்துக்கு மாற்ற நகரத் தலைவரின் அனுமதி வாங்க வேண்டும், ஆள் பேச வேண்டும், ஸுல்மாவின் தாய் தகப்பன் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தாலும் அங்கே ஒருவருக்குத்தான் இடம். நான் வேறெங்காவது போவேன். இதற்கெல்லாம் எனக்கு நாள் வேண்டும்.

ஆகவே நகராட்சிக்குக் கடிதம் தருவாயா, மாட்டாயா என்று எழுது. ஒரு வரி போதும். தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், நேரில் வந்து அழுதாலும் இதைப் பேச மாட்டேன். 17ஆம் தேதி புதன்கிழமைத் தபாலில் என் கைக்கு வந்து சேரும்படி, உன் கையெழுத்துடன், பதிலை எழுதி அனுப்பு.

உன் அத்தை,
ஹோடெலீவ்